பிடிவாதக்கார எமில்: டாங்கி மாதிரி இருக்கும், ஆனால் டாங்கி இல்லை

மாஸ்கோவுக்கு மேற்கே குபின்கா என்ற ஊரில் ஒரு டாங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உள்ள ஜெர்மன் வண்டிகளில் ஒன்றின் பெயர் ஷ்டூரர் எமில், தமிழில் சொன்னால் பிடிவாதக்கார எமில். இரண்டாம் உலகப் போரின்போது இந்த வகையில் இரண்டே இரண்டுதான் செய்தார்கள், ஒன்று போரில் அழிந்துவிட்டது, உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

இதன் படம் அவ்வப்போது இணையத்தில் சுற்றி வரும். ஹிட்லரின் ராட்சத டாங்கி என்று ஒருவர் எழுதுவார், டைகர் டாங்கியின் முன்னோடி என்று இன்னொருவர் எழுதுவார், 22 டாங்கிகளை ஒற்றை ஆளாக அழித்த வண்டி என்று மூன்றாமவர் எழுதுவார். முதலாவது தவறு. இரண்டாவதில் பாதி உண்மை. மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த வண்டி உண்மையில் என்ன, ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது, ஏன் இரண்டோடு நின்றுபோனது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

குழப்பத்தில் பாதி சொற்களால் வருவது. நம் செய்தித்தாள்களில் டாங்கியையும் பீரங்கி என்று எழுதுகிறார்கள், தரையில் நிறுத்திச் சுடும் துப்பாக்கியின் பெரிய அண்ணனையும் பீரங்கி என்றே எழுதுகிறார்கள். அதனால் நான்கு வகைகளைப் பிரித்துக்கொள்வோம்.

1. டாங்கி. நாலாபுறமும், மேலேயும் கவசத் தகடு. பீரங்கி டரட் என்கிற சுழலும் தலைப்பகுதியில் இருக்கும், எந்தத் திசைக்கும் திரும்பும். எதிரியை நோக்கி முன்னேறிக்கொண்டே சண்டை போடுவதற்காகச் செய்யப்பட்டது.

2. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. ஜெர்மன் மொழியில் சுருக்கமாக 'பாக்'. இரண்டு சக்கரம், ஒரு நீளக் குழல், முன்னால் ஒரு சின்னத் தகடு. வண்டியில் கட்டி இழுத்து வந்து, புதருக்குள் மறைத்து வைத்து, டாங்கி வரும் வரை காத்திருப்பார்கள்.

3. தானே நகரும் பீரங்கி. ஜெர்மானியர்கள் 'செல்ப்ஸ்ட்பார்லஃபெட்டெ' என்றார்கள், தானே ஓடும் பீரங்கித் தாங்கி என்று பொருள். இரண்டாம் வகைப் பீரங்கியைத் தூக்கி, சங்கிலிப் பட்டையில் ஓடும் ஒரு வண்டியின் மேல் வைத்தால் கிடைப்பது. தானியங்கிப் பீரங்கி என்று சிலர் எழுதுவதைப் பார்த்து, தானாகவே குண்டு போட்டுச் சுடும் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். தானாக நடப்பது பயணம் மட்டும்தான், சுடுவதற்கு ஆள் வேண்டும்.

4. யாக்ட்பான்சர், அதாவது வேட்டை டாங்கி. டரட் கிடையாது, ஆனால் பீரங்கியைச் சுற்றியும் மேலேயும் கனமான தகட்டால் மூடிய பெட்டி இருக்கும். போரின் பிற்பகுதியில் வந்த யாக்ட்பான்தர், யாக்ட்டைகர் எல்லாம் இந்த வகை.

எமில் மூன்றாவது வகை. மேலே கூரை இல்லை. எட்டிப் பார்த்தால் பீரங்கியை இயக்குகிறவர்கள் நிற்கும் ஒரு திறந்த தொட்டி, நடுவே பீரங்கி. படத்தை முன்பக்கத்திலிருந்து எடுத்தால் இது தெரியாது, அதனால்தான் டாங்கி என்று தோன்றுகிறது. அதிகாரப்பூர்வப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: வி.கே. 30.01 (எச்) சேஸிஸின் மேல் 12.8 செ.மீ. தானே நகரும் பீரங்கி. சேஸிஸ் என்பது எஞ்சினும் சக்கரங்களும் உள்ள வண்டியின் அடிப்பகுதி. ஜெர்மன் மூலப்பெயரில் வண்டியைவிடப் பீரங்கிதான் முதலில் வருகிறது.

இவ்வளவு பெரிய பீரங்கி எதற்கு?

12.8 செ.மீ. என்பது குழலின் உள்விட்டம். 1940 வாக்கில் டாங்கியைச் சுட இவ்வளவு பெரியது தேவையே இல்லை. ஜெர்மன் படையிடம் அப்போது பரவலாக இருந்த டாங்கி எதிர்ப்புப் பீரங்கி 37 மி.மீ., அதாவது 3.7 செ.மீ. தான். பெரிய பீரங்கியை வண்டியில் ஏற்றும் யோசனை முதலில் வந்தது பிரான்ஸின் மாஜினோ அரண்வரிசை போன்ற கான்கிரீட் பதுங்கரண்களை உடைப்பதற்காக. அந்த யோசனையில் பிறந்த இன்னொரு வண்டி, பான்சர் 4 என்ற ஜெர்மன் டாங்கியின் சேஸிஸில் 10.5 செ.மீ. பீரங்கி ஏற்றிய 'டிக்கர் மேக்ஸ்', தடியன் மேக்ஸ். அதுவும் இரண்டுதான் செய்யப்பட்டது. ஆனால் பிரான்ஸ் 1940-லேயே விழுந்துவிட்டது, உடைப்பதற்கு அரண் இல்லை.

பிறகு 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தது. முதல் வாரத்திலேயே டி-34, கே.வி. என்ற இரண்டு சோவியத் டாங்கிகள் ஜெர்மானியர்களைத் திகைக்க வைத்தன. கே.வி.-1 டாங்கியின் முன்தகடு 75 மி.மீ. தடிமன். டி-34-இன் தகடு 45 மி.மீ. தான், ஆனால் நன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டது, சாய்ந்த தகட்டைக் குண்டு துளைக்க நேராக இருப்பதைவிட அதிக உலோகத்தைக் கடக்க வேண்டும். லிதுவேனியாவில் ரசெய்னியாய் அருகே ஒரே ஒரு கே.வி. டாங்கி சாலையை மறித்து நின்று ஒரு ஜெர்மன் பான்சர் டிவிஷனை ஒரு நாளுக்கு மேல் திணறடித்தது. 37 மி.மீ. பீரங்கிக்கு ஜெர்மன் சிப்பாய்களே வைத்த பட்டப்பெயர் 'கதவு தட்டுவது'. தட்டும், உள்ளே போகாது.

ஏன் போகாது என்பதை ஆற்றல் கணக்கில் பார்த்தால் சட்டென்று புரியும். குண்டு தகட்டை உடைப்பது அதன் இயக்க ஆற்றலால், எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது.

1. 37 மி.மீ. குண்டு: சுமார் 0.68 கிலோ, குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 745 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 0.19 மெகாஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம்.

2. 12.8 செ.மீ. குண்டு: சுமார் 26 கிலோ, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 880 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 10 மெகாஜூல். பத்து டன் லாரி ஒன்று மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவது, அதுவும் அந்த மொத்த மோதலும் ஒரு சோற்றுத் தட்டைவிடச் சின்ன இடத்தில் விழுவது.

ஐம்பது மடங்கு வித்தியாசம். அந்தக் காலத்தில் போர்க்களத்தில் ஓடிய எந்த டாங்கியும் இதைத் தாங்கியிருக்காது. பீரங்கி புதிதாக யோசித்ததும் இல்லை, விமானங்களைச் சுடுவதற்காக ரைன்மெட்டல் நிறுவனம் உருவாக்கிய 12.8 செ.மீ. ஃபிளாக் 40-இன் வழிவந்ததுதான். விமானத்தைப் பிடிக்கக் குண்டு வேகமாக உயரே போக வேண்டும், அதே வேகம் தரைமட்டத்தில் சுட்டால் தகட்டைத் துளைக்கும். 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி டாங்கிகளுக்கு எதிராகப் பேர் வாங்கியதும் இந்தக் காரணத்தால்தான்.

இழுத்துக்கொண்டு போக முடியாத பீரங்கி

சரி, அவ்வளவு நல்ல பீரங்கி என்றால் இரண்டு சக்கரம் மாட்டி இழுத்துப் போயிருக்கலாமே? இந்த இடத்தில்தான் தானே நகரும் பீரங்கி என்ற வகையே ஏன் பிறந்தது என்பது தெரியும்.

37 மி.மீ. பீரங்கி அரை டன்னுக்கும் குறைவு. நாலைந்து பேர் சேர்ந்தால் கையாலேயே தள்ளிக்கொண்டு போய் இடம் மாற்றிவிடலாம். பின்னால் வந்த 7.5 செ.மீ. பாக் 40 ஏறக்குறைய 1.4 டன், மழை பெய்த ரஷ்யச் சேற்றில் அதைத் தள்ள முடியாமல் எத்தனையோ பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். 12.8 செ.மீ. ஃபிளாக் 40 பத்து டன்னைத் தாண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டன, ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டன. பெர்லின், ஹாம்பர்க், வியன்னா நகரங்களின் பிரமாண்டமான கான்கிரீட் விமான எதிர்ப்புக் கோபுரங்களின் உச்சியில் நின்றதும் இதே பீரங்கியின் இரட்டைக் குழல் வடிவம். முன்வரிசையில் சிப்பாய்கள் தள்ளிக்கொண்டு திரிகிற பொருள் இல்லை இது. ஒன்று அதை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் உள்ள ஒரு வண்டியின் முதுகில் ஏற்ற வேண்டும்.

டரட்டுக்குள் வைக்கலாமா என்றால் அதுவும் முடியாது. சுடும்போது குழல் பின்னால் உதைக்கும், அதற்கு இடம் வேண்டும், பின்னால் நின்று குண்டு போடுகிறவருக்கு இடம் வேண்டும், இவ்வளவையும் சேர்த்துச் சுழற்ற அகலமான வளையம் வேண்டும். 1941-இல் அந்த அளவுக்கு அகலமான டாங்கி எதுவும் ஜெர்மனியிடம் இல்லை. அதனால் டரட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பீரங்கியை ஒரு பீடத்தின் மேல் நேராக நிறுத்தினார்கள்.

யாருக்கும் வேண்டாமல் போன சேஸிஸ்

வண்டி எங்கிருந்து வந்தது? டைகர் உறவுக் கதை இங்கேதான் வருகிறது. ஹென்ஷல் நிறுவனம் 30 டன் வகையில் ஒரு கனரக டாங்கியை வடிவமைத்துக்கொண்டிருந்தது. வி.கே. என்பது முழுவதும் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி என்பதன் சுருக்கம், 30 என்பது எடை வகுப்பு, 01 என்பது முதல் வடிவம், எச் என்பது ஹென்ஷல். நான்கு சோதனை உடல்கள் தயாராயின. பிறகு இன்னும் கனமான டாங்கி வேண்டும் என்று முடிவாகி அந்தப் பாதை டைகரை நோக்கிப் போய்விட்டது, 30 டன் உடல்கள் வேலையில்லாமல் நின்றன. அதில் இரண்டை எடுத்துத்தான் எமில் செய்தார்கள்.

ஆகவே டைகரின் முன்னோடி என்று சொல்வது சேஸிஸுக்குப் பொருந்தும், முழு வண்டிக்குப் பொருந்தாது. அந்த சேஸிஸும் அப்படியே பயன்படவில்லை. பீரங்கிக்கு இடம் போதாமல் உடலை வெட்டி நீட்டி, தாங்குவதற்குக் கூடுதலாக ஒரு சக்கர வரிசையும் சேர்க்க வேண்டியிருந்தது. பக்கவாட்டுப் படத்தில் பாருங்கள், வண்டி உயரத்துக்குப் பொருந்தாமல் நீளமாக, ரயில் பெட்டி போல இழுத்து விட்டதாக இருக்கும். பீரங்கியோடு சேர்த்து மொத்த நீளம் 9.7 மீட்டர்.

இருக்கிற சேஸிஸில் கிடைத்த பீரங்கியை ஏற்றுவது ஜெர்மன் படையில் வழக்கமாகவே ஆகிப்போனது. 1940-இல் வந்த பான்சர்யேகர் 1, சின்னஞ்சிறு பான்சர் 1 சேஸிஸில் செக்கோஸ்லோவாகியாவின் 4.7 செ.மீ. பீரங்கியை ஏற்றியது. மார்டர் வண்டிகளில் சில, சோவியத் படையிடம் பிடித்த 7.62 செ.மீ. பீரங்கியை ஜெர்மன், செக் சேஸிஸ்களில் சுமந்தன. எமிலும் அந்தக் குடும்பத்தின் ஆள்தான், ஆனால் மற்றவை நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டன.

பீரங்கிக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள்

எமிலின் எடை சுமார் 35 டன். இனி ஒவ்வொன்றாகப் பார்த்தால் விலை தெரியும்.

1. எஞ்சின். மேபாக் எஞ்சின், 300 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு 8.6 குதிரைத்திறன்தான் வருகிறது. அதே காலத்து டி-34-இல் ஏறக்குறைய 18. நல்ல சாலையிலேயே எமிலின் வேகம் மணிக்கு 25 கி.மீ. ஒட்டித்தான், உழுத வயலிலும் சேற்றிலும் இன்னும் குறையும்.

2. கவசம். முன்னால் 50 மி.மீ., பக்கவாட்டில் 30 மி.மீ. தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்தால், வண்டிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் தொட்டிக்குள் நிற்கிறவர்களுக்கு ஆபத்து. ரஷ்யக் குளிர்காலத்தில் அந்தத் திறந்த தொட்டிக்குள் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

3. குண்டுகள். உள்ளே வைக்க இடம் இருந்தது சுமார் 15 குண்டுக்கு. ஒரு கடுமையான சண்டையில் இது எத்தனை நிமிடம் தாங்கும்? குண்டு தீர்ந்தால் பின்வாங்கி, லாரி வரும் இடத்துக்குப் போய், 26 கிலோ குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும்.

4. திரும்பும் கோணம். என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான், ஆனால் பலர் கவனிப்பதில்லை. பீரங்கி இடப்பக்கம் 7 பாகை, வலப்பக்கம் 7 பாகை மட்டுமே திரும்பும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இது எவ்வளவு அகலம்? கணக்குப் போட்டால் பக்கத்துக்கு 123 மீட்டர், மொத்தம் ஏறக்குறைய 245 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் குறுக்கே ஓடும் ஒரு டாங்கி அந்த ஜன்னலை அரை நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் பார்க்க வேண்டும், தூரம் கணிக்க வேண்டும், சுட வேண்டும். தவறினால் 35 டன் வண்டியையே திருப்ப வேண்டும், திருப்பியதும் குறி மறுபடி ஆரம்பத்திலிருந்து. இரண்டு கிலோமீட்டரில் அதே ஜன்னல் 490 மீட்டராக விரிகிறது, அதாவது எதிரி தள்ளி இருக்கும் வரைதான் எமிலுக்கு வசதி.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் வண்டியின் இயல்பு தெளிவாகிவிடும். சமவெளியில், தொலைவிலிருந்து, காத்திருந்து சுட வேண்டும், எதிரி நெருங்குவதற்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். நெருங்க விட்டால், பக்கவாட்டில் வர விட்டால், வழி இல்லை. டாங்கியாக நினைத்து இதை முன்னால் ஓட்டிப் போனவர் திரும்பி வந்திருக்க மாட்டார்.

22 வளையங்கள்

இரண்டு எமில்களும் கிழக்குப் போர்முனைக்கு, 521-ஆவது டாங்கி எதிர்ப்புப் பிரிவோடு அனுப்பப்பட்டன. ஒன்று அழிந்தது. இன்னொன்றை 1943 ஜனவரியில், ஸ்டாலின்கிராட் போர்முனையில் சோவியத் படையினர் கைப்பற்றினார்கள். அப்போது அதன் குழலில் 22 வளையங்கள் பெயின்ட்டால் வரையப்பட்டிருந்தன. ஒரு வளையம் ஒரு டாங்கி.

இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது?

1. வளையம் வரைந்தது வண்டியில் இருந்தவர்கள். சுடப்பட்டு நின்ற டாங்கியை இரவோடு இரவாக இழுத்துப் போய்ச் சரிசெய்து மறுபடி ஓட்டுவது இரு பக்கமும் நடந்த வேலை. ஆகவே 22 வளையம் என்பது 22 முறை 'சுட்டு நிறுத்தினோம்' என்ற உரிமைகோரல், 22 டாங்கிகள் நிரந்தரமாக அழிந்தன என்பதற்கான சான்று ஆகாது.

2. அப்படியே எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை. ரஷ்யாவின் தெற்குச் சமவெளி மேலே சொன்ன இயல்புக்கு அப்படியே பொருந்தும் இடம், கிலோமீட்டர் கணக்கில் மறைவே இருக்காது.

3. இது வண்டியின் வெற்றிக்கான சான்று என்றால், அது பிடிபட்டதும் அதே அளவு சான்றுதான். பின்வாங்க வேண்டிய நேரத்தில் மெதுவான, உதிரிபாகம் கிடைக்காத வண்டியால் பின்வாங்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து டி-34-இல் நான்கு பேர், கே.வி.-யில் ஐந்து பேர். அந்த 22 டாங்கிகளுமே டி-34 என்று வைத்தாலும் அந்தப் பெயின்ட் வளையங்களுக்குப் பின்னால் 88 பேர் இருந்தார்கள், தங்கள் நாட்டுக்குள் நுழைந்த படையைத் தடுக்க வந்தவர்கள். எத்தனை பேர் வெளியே குதித்துத் தப்பினார்கள் என்பதை வளையம் சொல்லாது. எண்ணிக்கையை மட்டும் எடுத்துச் சாகசக் கதையாக்கிப் பகிரும்போது இது முற்றாக மறைந்துவிடுகிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

இரண்டோடு ஏன் நின்றது?

இதற்குக் காரணம் எளியது. சேஸிஸ் தொடர் உற்பத்தியில் இல்லை. நான்கே உடல் இருந்த ஒரு வகைக்கு யார் சக்கரம், கியர், சங்கிலிக் கண்ணி என்று உதிரிபாகம் செய்து வைப்பார்கள்? எமிலில் ஒரு கியர் போனால் அதற்கு மாற்று இன்னொரு எமிலிலிருந்துதான் கழற்ற வேண்டும். பீரங்கியும் விமான எதிர்ப்புக்குத் தேவைப்பட்டது, ஜெர்மன் நகரங்கள் மீது குண்டுவீச்சு கூடக்கூட அந்தத் தேவை இன்னும் அதிகமானது.

யோசனை மட்டும் சாகவில்லை. கூரை மூடிய, முன்னால் 250 மி.மீ. தகடு வைத்த, 70 டன்னைத் தாண்டிய யாக்ட்டைகரில் 12.8 செ.மீ. பாக் 44 என்ற வேறு பீரங்கி ஏறியது. எமிலில் இல்லாத கவசம் அதில் இருந்தது, எமிலில் இருந்த எடைப் பிரச்சினை அதில் இரண்டு மடங்கானது.

ஒன்று மட்டும் எப்படி மிஞ்சியது?

போர் முடிந்தபின் கிடைத்த வண்டிகளில் பெரும்பாலானவை இரும்புக்காக உருக்கப்பட்டன. தடியன் மேக்ஸ் இரண்டில் ஒன்றுகூட இன்று இல்லை. எமில் தப்பியதற்குக் காரணம் குபின்கா. அது முதலில் அருங்காட்சியகம் இல்லை, சோவியத் படையின் சோதனைத் திடல். பிடித்த எதிரி வண்டிகளை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பார்கள், தகட்டை அளப்பார்கள், சுட்டும் பார்ப்பார்கள். எதிரி என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்ள வைத்திருந்த சேகரிப்பு, 1972-இல் அருங்காட்சியகமானது, பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது 1990-களில்தான். மவுஸ் என்ற உலகத்தின் மிகக் கனமான டாங்கியும், கார்ல் என்ற பிரமாண்ட மோர்ட்டார் வண்டியும் இதே வழியில்தான் அங்கே மிஞ்சின.

ஒப்பிட்டுப் பார்த்தால் அரிது என்ற சொல்லுக்கு அளவு கிடைக்கும். ஏறக்குறைய 90 செய்யப்பட்ட, கூரை மூடிய ஃபெர்டினான்ட் என்ற டாங்கி எதிர்ப்பு வண்டியில் இரண்டு மிச்சம், ஒன்று குபின்காவில், ஒன்று அமெரிக்காவில். யாக்ட்டைகரில் மூன்று மிச்சம்: பிரிட்டனின் போவிங்டன், அமெரிக்கா, குபின்கா. எமில் ஒன்றுதான், அந்த 30 டன் சேஸிஸ் எப்படி நீட்டப்பட்டது, பீடம் எப்படிப் பொருத்தப்பட்டது என்று நேரில் அளந்து பார்க்க உலகில் வேறு இடம் கிடையாது.

படம் பார்த்தால் எப்படி அடையாளம் காண்பது?

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டு எமில்களுக்கும் மேக்ஸ், மோரிட்ஸ் என்று செல்லப்பெயர் இருந்தது, ஒரு பழைய ஜெர்மன் சிறுவர் கதையின் குறும்புக்காரப் பையன்களின் பெயர். இந்த மேக்ஸ் வேறு, 10.5 செ.மீ. பீரங்கி கொண்ட தடியன் மேக்ஸ் வேறு. அதேபோல 7.5 செ.மீ. பாக் 40 என்ற புகழ்பெற்ற பீரங்கிக்கும், சில இடங்களில் 12.8 செ.மீ. பாக் 40 என்று குறிப்பிடப்படும் எமிலின் பீரங்கிக்கும் எண் மட்டுமே ஒன்று.

அப்புறம் படத்தில் பார்க்க வேண்டியவை: டரட் இருக்கக்கூடாது. மேலிருந்து எடுத்த படமானால் கூரை இருக்கக்கூடாது, இருந்தால் அது யாக்ட்டைகர், ஃபெர்டினான்ட் போன்ற வேறு வண்டியாக இருக்கும். பக்கவாட்டில் பெரிய சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக அடுக்கியிருக்கும், தடியன் மேக்ஸில் அப்படி இருக்காது, அதில் பான்சர் 4-இன் சிறிய சக்கரங்கள் ஜோடி ஜோடியாக வரும். குழலோ வண்டியின் மூக்கைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தாங்க முன்பக்கம் ஒரு முட்டுக்கொடுப்பு தெரியும்.